வாகாவுக்கு ஒரு வலி, மில்டூராவுக்கு ஒரு வலி

ரேலீன் டகெட் ஒரு ஆட்டு மயிர்க்கற்றையைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பாள், பிறகு கேட்பாள். இரண்டு நுனிகளையும் இரண்டு கை விரல்களால் பிடித்து, காதோரம் கொண்டுபோய் விறைப்பாக இழுத்து, நடுவிரலால் ஒரு சுண்டு. நல்ல கம்பளி என்றால் இறுக்கிக் கட்டிய கம்பியைத் தட்டியதுபோல 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். நடுவில் நைந்தது என்றால் பழந்துணி கிழிகிற சத்தம்.

"மார்ச்சுல இதுக்கு ஒடம்பு முடியாம இருந்திருக்கு" என்பாள், ஆட்டைப் பார்க்காமலே.

ஆடு பட்ட பட்டினியும் காய்ச்சலும் அந்த மாதம் வளர்ந்த மயிரில் மெலிந்த கோடாக நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு நன்றாக மேய்ந்தாலும் அந்த இடம் மட்டும் தேறாது. இழுத்தால் அங்கேதான் அறும்.

ஹே சமவெளியின் கம்பளிக் கொட்டகைகளில் ஆறு வருடம் நான் அவளோடு வேலை செய்தேன். வெட்டுக்காரர்கள் ஆட்டை மடக்கிப் பிடித்து வெட்டினால் கம்பளி ஒரே போர்வையாகக் கழன்று வரும். நாங்கள் அதை அள்ளி மேசைமேல் வீசி விரித்து, ஓரத்து அழுக்கைப் பிய்த்துப் போடுவோம். ரே தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, எந்தத் தொட்டிக்கு என்று தலையை அசைப்பாள். தொட்டி நிறைந்ததும் அதை அழுத்திப் பொதியாக்கி, அவளுடைய எண் வெட்டிய தகட்டை வைத்து மேலே மை பூசுவார்கள். அந்த எண் நாட்டில் வேறு யாருக்கும் கிடையாது. எந்த நாட்டு மில்லில் பொதியைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது இன்ன தரம் என்று சொல்வது அந்த எண்தான். வெவ்வேறு தரத்தை ஒரு பொதியில் கலப்பதைவிடப் பெரிய குற்றம் தரம் பிரிப்பவருக்கு இல்லை.

ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் என்னை அங்கே 'ரேடியோ' என்று கூப்பிட்டார்கள். செம்பட்டைத் தலைக்காரனுக்கு 'ப்ளூ' என்று, நீலத்தைப் பெயராக வைக்கிற கூட்டம் அது.

ரே பிறந்தது ஊருக்குள்தான். அப்பா ஊராட்சிக்குச் சாலை போட்டார். அம்மா நெடுஞ்சாலை மோட்டலில் அறை துடைத்தாள். பதின்மூன்று வயதில், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தவளை அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான். சுடுதண்ணிப் பையை வெச்சுக்கிட்டுப் படு, நாளைக்குப் பள்ளிக்கூடம் போ." ரே மறுநாள் போனாள். அதற்கப்புறம் எல்லா மறுநாளும் போனாள்.

பதினேழு வயதில் துடைப்பத்தோடு கொட்டகைக்குள் நுழைந்தபோது, பெண் வருகிறாள், வாயை அடக்குங்கள் என்பதற்காக, பழைய வழக்கப்படி ஒருவன் கத்தினான்: "குளத்துல வாத்துடோய்!" ரே அவன் பக்கம் திரும்பி "க்வாக்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பெருக்க ஆரம்பித்தாள். கத்தியவன் இதே ப்ளூதான். அப்போது அவனுக்கு இருபது வயது. இன்றும் அந்தக் கதையைத் தன் பெருமைபோலச் சொல்வான்.

கொட்டகையில் எல்லாம் மணிக்கணக்கு. ஏழரைக்கு மணி அடித்தால் ஒன்பதரை வரைக்கும் ஓட்டம். தேநீர். பத்துக்கு மணி, பன்னிரண்டுக்கு மணி. சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னும் இரண்டு ஓட்டம். ஓட்டம் நடக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தவரை அடுத்த கொட்டகைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். எதையும் இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை ரே அங்கே கற்றுக்கொண்டாள். மாதத்தில் ஐந்தாறு நாள் மேசையின் ஓரத்தில் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நிற்பாள். இடைவேளையில் கோதுமை நிரப்பிய துணிப்பையைச் சமையல்காரியின் மைக்ரோவேவில் சூடாக்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு அடுத்த மணிக்கு வந்துவிடுவாள்.

இருபத்தாறு வயதில் தகடு கிடைத்தது. வலிக்குப் பெயர் கிடைக்க இருபத்தொன்பது ஆனது. ஊர் டாக்டர் விடுப்பில் போன மாதம், மாற்றாக வந்த ஒரு அம்மாள் கதையை முழுதாகக் கேட்டு, கிழக்கே மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் வாகா நகர மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். அங்கே தொப்புளில் சின்னத் துளை போட்டுப் பார்த்தார்கள். கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய படலம் வெளியே குடலிலும் சினைப்பையிலும் ஒட்டி வளர்ந்திருந்தது. எண்டோமெட்ரியோசிஸ். சுரண்டி எடுத்தார்கள். உள்ளே எடுத்த புகைப்படத்தைக் கையில் கொடுத்தார்கள். பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள். அதை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்து உட்கார்ந்து அரைமணி நேரம் அழுததாகச் சொல்லியிருக்கிறாள். துக்கத்தில் அல்ல. பதினாறு வருடம் இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

ஐந்து வருடத்தில் அது திரும்ப வளர்ந்தது. திரும்ப அறுத்தார்கள். குழந்தை தங்கவில்லை. கணவன் க்ளென் நல்லவன்தான். வடக்கே சுரங்க வேலைக்குப் போனவன், முதலில் மாதம் ஒருமுறை வந்தான், பிறகு பிறந்தநாளுக்குப் போன் செய்தான்.

அந்த இரண்டாவது அறுவைக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறு ஏதோ ஊரில், கொட்டகையிலிருந்து நேராக அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறாள். இளம் டாக்டர் ஒருவர் "என்னென்ன பண்ணுது?" என்று கேட்டார். கேட்டாரே என்று எல்லாவற்றையும் சொன்னாள்: வயிறு, இடுப்பு, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, முழங்கால், கண் எரிச்சல். பாதியிலேயே அவர் எழுதுவதை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ரே டாக்டர்களிடம் ஒரு வலிக்கு மேல் சொல்வதில்லை. ஊர் மருத்துவமனைச் சுவரிலும் அதற்குத் தகுந்தாற்போல் ஒரு அறிவிப்பு இருந்தது: ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை மட்டும். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே போய் மூன்று சொல்வார்கள். ரே கடைப்பிடித்தாள். கம்பளியைப் போலவே தன் உடம்பையும் தரம் பிரித்து, தனித்தனித் தொட்டியில் போட்டு வைத்தாள். வயிறு வாகாவுக்கு. மற்றதெல்லாம் வேலை செய்கிறவர்களுக்கு வருவது.

முப்பத்தெட்டில் விரல்கள் ஆரம்பித்தன. காலையில் மடங்காது. பல் துலக்கும் பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடிப்பாள். ஒன்பதரை மணித் தேநீர் வரும்போது இளகும். பிறகு பன்னிரண்டு மணியானது. கொட்டகையில் கை வலிக்காதவர் யாரும் இல்லை என்பதால் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வருடம் இப்படி ஓட்டியபின், தனியாக ஒரு நாள் நேரம் வாங்கி, கையை மட்டும் ஊர் டாக்டரிடம் காட்டினாள். அவர் மூட்டு டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் இருந்தது மேற்கே மூன்று மணி நேரத்தில், மில்டூராவில். அது வேறு மாநிலம். வாகாவின் காகிதம் அங்கே தானாகப் போகாது.

படிவத்தில் 'வேறு நோய்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. ரே 'இல்லை' என்று எழுதினாள்.

ரத்தத்தில் தெளிவாக எதுவும் வரவில்லை. ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம், கூடினால் வாருங்கள் என்று மில்டூரா டாக்டர் அனுப்பிவிட்டார். அது மார்ச் மாதம். வாகாவில் ஒருமுறை, ரொம்பக் களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். "உங்க நோய்க்கு அது சகஜம்தான்" என்றார்கள். அதுவும் பொய்யில்லை. கையைப் பற்றி அங்கே பேச்சே எடுக்கவில்லை.

செப்டம்பரில் வாரபின் பண்ணையில் வேலை. நான்கு வெட்டுக்காரர்கள், எட்டு நாள் ஓட்டம். நான்காம் நாள் காலை, ஆற்றங்கரை மேய்ச்சலிலிருந்து ஒரு மந்தை வந்தது. பார்க்க அழகான கம்பளி. வெள்ளை, நீளம், அலையலையான சுருள். ரே கற்றையை எடுத்தாள், காதருகே கொண்டுபோனாள், தலையை அசைத்தாள். முதல் தரம். முதல் தரம். முதல் தரம். வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன ரே, இன்னிக்கு எல்லா ஆடும் பாஸா?" என்று ப்ளூ ஆட்டின் கழுத்துக்கு மேலிருந்து கத்தினான். "எங்க பள்ளிக்கூடத்துல நீ வாத்தியாரா இருந்திருந்தா நானும் தேறியிருப்பேன்!"

"நீயா? உன்னைத் தரையோட சேத்துப் பெருக்கியிருப்பேன்" என்றாள் ரே.

ஒன்பதரை மணி அடித்தது. தரையைப் பெருக்கும்போது ஒரு கற்றை என் கையில் வந்தது. சும்மா, கைப்பழக்கத்தில், காதோரம் வைத்து இழுத்துச் சுண்டினேன். கிழிந்தது. தொட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். அதுவும் கிழிந்தது. இரண்டும் ஒரே இடத்தில், நுனியிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே.

சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு வருடத் தரக்காரியிடம், பெருக்குகிறவள் போய் என்ன சொல்வது என்று கற்றையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த ஓட்டத்தில் இன்னும் மூன்று பொதிகள் மையும் எண்ணும் வாங்கின.

பன்னிரண்டு மணிக்கு ரே தேநீர்க் கொதிகலனின் வயிற்றில் இரண்டு கையையும் ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"ரே, இதை இழுத்துப் பாரு."

கற்றையை வாங்கினாள். நுனியைப் பிடித்தாள். விரல்கள் கூடவில்லை, கற்றை வழுக்கி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை எடுக்கக் குனியவில்லை.

"நீ இழு. நான் கேக்கறேன்."

அவள் காதோரம் வைத்து இழுத்துச் சுண்டினேன். அவள் முகம் மாறவில்லை. "இன்னொண்ணு" என்றாள். பிறகு, "இன்னொண்ணு."

"எந்தத் தொட்டியில எடுத்த?"

"முதல் தரம்."

"எப்ப?"

"மொத இடைவேளையில."

"இப்ப மணி பன்னெண்டு."

"ஆமா."

"பேர் வெச்சதுக்காவது ஒரு தடவை பாடியிருக்கக் கூடாதா, ரேடியோ?" கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "உன்னைச் சொல்லி என்ன. காலையிலருந்து நான் ஒண்ணைக்கூட இழுக்கல. இழுக்கற மாதிரி காட்டிக்கிட்டு நின்னேன். கண்ணால பாத்து அனுப்பிட்டேன். கண்ணுக்கு அழகாத்தான் இருந்துச்சு."

சாப்பாட்டு மேசைக்குப் போனோம். ஒப்பந்தக்காரர் கெவ் அன்றைக்கு வந்திருந்தார். தட்டில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். ரே உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"கெவ், காலையில போன ஆறு பொதியும் தப்பு. நைஞ்ச கம்பளி முதல் தரத்துல கலந்துடுச்சு."

கெவ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஆறா? நாலு மணிக்கு லாரி வருது, ரே."

"தெரியும்."

"கலந்தது கலந்ததாவே போகட்டும். சோதனையில சராசரி பாப்பான். கொஞ்சம் கொறைஞ்சு வரும். எவனும் கண்டுபிடிக்கப் போறதில்ல."

"அதுல என் நம்பர் இருக்கு."

"பிரிச்சா பண்ணைக்காரன் ஏன்னு கேப்பான். நான் என்ன சொல்றது?"

"தரம் பிரிக்கறவளுக்குக் கை போயிடுச்சுன்னு சொல்லு."

ப்ளூதான் கேட்டான், மெதுவாக: "எந்தக் கை?"

"ரெண்டும். கை மட்டுமா."

பிறகு அவள் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். வயிறு, எப்போதிலிருந்து. இரண்டு அறுவை. மாதாமாதம் மேசை ஓரம். களைப்பு, தூங்கிக் கழிக்க முடியாத களைப்பு, எலும்புக்குள் ஈர மண்ணை அள்ளிக் கொட்டியதுபோல. இப்போது விரல்கள். ஏதோ கடைச் சாமான் பட்டியல்போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிவிட்டு, "அவ்வளவுதான்" என்று முடித்தாள். யாரும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அங்கே யாரிடமும் பேனா இல்லை.

"இருவத்தஞ்சு வருஷமாவா?" என்றான் ப்ளூ. "எனக்கு முதுகு பிடிச்சா மூணு நாளு ஊரையே கூட்டுவேன். நீ வாயே தொறக்கலையே, ரே. வாத்துன்னு கத்தினப்போ க்வாக்குன்னுதானே சொன்ன?"

"நீ வாத்துன்னுதானே கத்தின. வலிக்குதான்னு கேக்கலையே."

கெவ் எழுந்து வெளியே போய் லாரிக்காரனுக்குப் போன் செய்து, நாளைக் காலை வரச் சொன்னார்.

மதியம் மேசைக்கு வந்த கம்பளியைத் தொட்டிக்கு அனுப்பாமல் ஓரமாகக் குவித்துவிட்டு, ஆறு பொதிகளையும் பிரித்தோம். அழுத்திக் கட்டிய பொதியை அவிழ்த்தால் கம்பளி மூச்சு விட்டதுபோல எழும்பி வரும். திரும்ப உள்ளே போக மறுக்கும். நான் இழுத்தேன். ரே கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அந்தப் பக்கம். இந்தப் பக்கம்." ஐந்தரை மணி அடித்தும் ப்ளூ குளிக்கப் போகவில்லை, வெட்டுக்காரன் பொதியைத் தொடுவது வழக்கமே இல்லை, அவன் வந்து எங்களோடு அள்ளிப் போட்டான். ஆறில் இரண்டுதான் நல்லது. மீதி நான்கின் மேலிருந்த பழைய தர எழுத்துகளை ரே தானே கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். தகட்டை உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பூசு" என்றாள் என்னிடம்.

கிளம்பும்போது கெவ் சொன்னார்: "டாக்டரைப் பாத்துட்டு வா, ரே. அதுவரைக்கும் நவம்பர் கொட்டகைக்கெல்லாம் வேற ஆளைக் கேட்டு வைக்கறேன். தப்பா நெனைச்சுக்காதே."

"நெனைக்கல" என்றாள். வண்டியில் ஏறியபின் இருக்கைப் பட்டியை அவளால் இழுத்து மாட்ட முடியவில்லை. நான் மாட்டிவிட்டேன். "நவம்பர் போச்சுன்னா பிப்ரவரியும் போகும்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "கூப்பிடறதை ஒரு தடவை நிறுத்தினா, அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, ரேடியோ. சுண்டிக் கேக்கத் தெரியும்."

இரண்டு வாரம் கழித்து மில்டூராவுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். காலை ஆறு மணிக்கு அவள் வீட்டுச் சமையலறையில் காத்திருந்தேன். மேசைமேல் மில்டூரா உறை இருந்தது. குளிர்பெட்டியின் மேலே, ரொட்டி வந்த நெகிழிப் பையில் சுற்றி, வாகாவின் கோப்பு. அதையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அது வயித்து ஃபைலு" என்றாள் ரே.

"ரெண்டும் ஒரே ஆளோடதுதானே, ரே."

"பத்துல நாலு வார்த்தை காலையிலேயே செலவு பண்ணிட்ட" என்றாள். பையை வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியெல்லாம் தூங்கினாள். தூங்கும்போதும் விரல்கள் பாதி மடங்கியே இருந்தன.

டாக்டர் லிம் சின்ன உருவம். என்னைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான் பையை மேசைமேல் வைத்தேன். அவர் காகிதங்களை நிதானமாகப் புரட்டினார். பழுப்புத் திட்டுப் புகைப்படத்தில் நின்றார்.

"இதை ஏன் மார்ச்சுல எழுதலை?"

"நீங்க கை டாக்டர்."

"நான் மூட்டு டாக்டர். அந்த மூட்டு உங்க ஒடம்புலதானே இருக்கு?" பிறகு அவரே குரலைத் தணித்துக்கொண்டார். "சரி. வாயால ஒரு வார்த்தை நானும் கேட்டிருக்கணும். இல்லைன்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டு விட்டுட்டேன்."

"எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"இங்க பாருங்க. வெளியிலருந்து கிருமி வந்தா அடிக்கறதுக்கு ஒடம்புல ஒரு காவல்படை இருக்கு. உங்க கையில அந்தப் படை வீட்டு ஆளையே அடிச்சுக்கிட்டு இருக்கு. முடக்குவாதம். வயித்துல இருக்கறது வேற நோய்; அதை இந்த வகைன்னு சொல்லிட முடியாது. ஆனா அது இருக்கற பொண்ணுங்களுக்கு இந்த மாதிரி, தன்னையே தாக்கிக்கற நோய்ங்க வர்றது மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகம்னு நெறைய பேரைப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்காங்க. கொஞ்சம்தான். முக்காவாசிப் பேருக்கும் மேல வர்றதே இல்ல."

"அதனாலதான் இது வந்துச்சா?"

"தெரியல. அது இதைக் கொண்டுவந்துச்சா, ரெண்டுக்கும் அடியில வேற ஒண்ணு ஓடுதா, இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சிருந்தா ஆறு மாசம் பொறுப்போம்னு சொல்லியிருக்க மாட்டேன். அன்னிக்கே ஸ்கேன் எடுத்திருப்பேன்."

இப்போது எடுத்தார். வலது கையில் இரண்டு மூட்டுகளின் ஓரம், எலி கடித்த ரொட்டிபோல இருந்தது. திரையைக் காட்டி, அந்தக் கடித்த இடம் திரும்ப வளராது, மேற்கொண்டு கடிக்காமல் நிறுத்தப் பார்க்கலாம் என்றார். வாரம் ஒரு நாள் விழுங்க வேண்டிய மாத்திரை எழுதினார். எழுதும்போது, இந்த மருந்து சாப்பிடுகிற காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது, அப்படி ஏதாவது எண்ணம் உண்டா என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் ரே. "அதைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று டாக்டருக்கு ஆறுதல்போலச் சொன்னாள்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மயிர்க்கற்றையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நவம்பருக்குள்ள இதை என்னால இழுக்க முடியுமா?"

டாக்டர் புரியாமல் எடுத்தார். ரே சொல்லச் சொல்லக் காதோரம் வைத்து இழுத்துச் சுண்டினார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உடனே கேக்காது. ரொம்ப வருஷம் ஆகும்."

டாக்டர் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "மருந்து பிடிக்க மூணு மாசம் ஆகலாம். நவம்பருக்குச் சத்தியம் பண்ண மாட்டேன். அப்புறமும் பழைய பிடி அப்படியே வரும்னு சொல்ல மாட்டேன்."

வெளியே வரவேற்பில் புதிய படிவம் ஒன்று கொடுத்தார்கள். ரேயால் பேனா பிடிக்க முடியவில்லை. அவள் சொல்ல நான் எழுதினேன். 'வேறு நோய்கள்' கட்டம் இரண்டு வரிக்குத்தான் இருந்தது. அவள் நிறுத்தவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். கடைசியில், "இதுல ஒரு பிரதி வாகாவுக்கும் போகணும்னு எழுது" என்றாள்.

திரும்பி வந்ததும் கெவ்வுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"கெவ், கை நவம்பருக்குத் தேறாது. காது தேறித்தான் இருக்கு. ரேடியோ இழுத்தா நான் கேப்பேன்... ஆமா, ஒரு வேலைக்கு ரெண்டு பேருதான்... தெரியும், பெரிய கொட்டகைக்கு அது ஓடாது."

மூன்று பெரிய கொட்டகைகள் வேறொருவனுக்குப் போயின. எங்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பண்ணை. இரண்டே வெட்டுக்காரர்கள், ஐந்து நாள் ஓட்டம். அதில் ஒருவன் ப்ளூ. பெரிய கொட்டகையை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தான் என்று கேட்டதற்கு, "அங்க சமையல் சரியில்ல" என்றான்.

முதல் நாள் மேசைக்குப் பக்கத்தில் பால் கூடை ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே மடித்த கம்பளித் துண்டு. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. ரே அதைக் காலால் நகர்த்திவிட்டு நின்றாள். இரண்டாம் நாளும் நின்றாள். மாத்திரை விழுங்கியதற்கு மறுநாள் அவளுக்கு வயிறு புரட்டும், உலகம் தூரமாகத் தெரியும். அந்த வாரம் அது மூன்றாம் நாள் வந்தது. இரண்டாவது ஓட்டத்தின் நடுவில், மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில், கூடையைக் காலாலேயே இழுத்து உட்கார்ந்தாள்.

கத்தரி இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ப்ளூ ஆட்டை விடாமல், திரும்பாமல், "குளத்துல வாத்து உக்காந்துடுச்சுடோய்!" என்று கத்தினான்.

"க்வாக்" என்றாள் ரே. எழுந்திருக்கவில்லை.

தினமும் காலை மணி அடிப்பதற்கு முன்னால் அவளே ஒரு கற்றையை எடுத்துப் பார்ப்பாள். முதல் இரண்டு நாள் வழுக்கி விழுந்தது. ஐந்தாம் நாள் விழவில்லை. நுனிகளைப் பிடித்து, காதோரம் கொண்டுபோய், உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சுண்டினாள்.

"ஏதாவது கேட்டுச்சா?" என்றாள் என்னிடம்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "இல்ல."

"எனக்கும் கேக்கல."

கற்றையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள். மணி அடித்தது. முதல் போர்வை மேசைக்கு வந்தது. அவள் கூடையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையை என் பக்கம் சாய்த்தாள்.

"இழு" என்றாள்.